சகீனா கொடுத்த குளிசை

மாதவிடாய் நின்ற நாள்தொட்டு, இந்த நாலு வருடமாக, ஜெஸீமாவின் விரல் மூட்டுகள் காலையில் வீங்கிக் கிடக்கும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே உயிர் போகும். மடவளை ஊரில், புருஷன் வீட்டில், அதை நம்பத்தான் ஆளில்லை. மைனி சகீனாவுக்கு, அதாவது புருஷனுக்கு மூத்தவளான ராத்தாவுக்கு, அது சுத்த நடிப்பு.

"எனக்கு அறுபத்திரெண்டு வயசு. ஒரு நோவு ஈக்கா? வேலைக் கள்ளிக்குத்தான் நோவு வரும்."

அப்படிச் சொன்ன கையோடு, கம்பளையில் ஏதோ பார்மசியில் வாங்கிய சின்ன வெள்ளைக் குளிசையை நீட்டியதும் சகீனாதான். "இதக் குடிச்சிட்டு எழும்பி வேலையப் பாரு." குடித்தால் நோவு பறந்துவிடும். ஜெஸீமா எட்டு மாதம் குடித்தாள்.

இரத்தத்தைச் சோதித்தால் தன்னை நம்புவார்கள் என்று நினைத்தாள், பாவம். ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி இரண்டும் பார்த்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் ஏறுகிற கணக்கு அவை. அன்று காலையும் குளிசையைக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தாள். எல்லாம் நோர்மல். புருஷன் ஃபாஸில் ரிப்போர்ட்டை மேசையில் எறிந்தான். சகீனா அதை மடித்துப் பேர்சில் வைத்துக்கொண்டு, வருகிற போகிற பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

சொந்தத்தில் ஒரு கலியாணம். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டை, குவித்த சோற்றோடு சகீனா அவள் கையில் ஏற்றினாள்.

"ரிப்போர்ட் நோர்மல்தானே, தூக்கு!"

ஈரத் தரையில் கால் லேசாக வழுக்கியது. ஜெஸீமா கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு லேசா விழுந்ததுக்கு எலும்பு உடையக்கூடாது. என்ன மருந்து குடிக்கிறீங்க?"

ஜெஸீமா நல்ல கையால் குளிசைப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள். டொக்டரின் முகம் கடுத்தது.

"இது ஸ்டீரொய்ட். அழற்சிய அமத்தி வைக்கும், ரிப்போர்ட்டும் நல்லா வரும். இந்த வயசில எலும்பு எப்படியும் தேயுது, இதுவும் சேர்ந்து தின்னிருக்கு. யார் தந்தது?"

ஜெஸீமா கூட வந்திருந்த மைனியைப் பார்த்தாள்.

"சும்மா நோவுக் குளிசைதானே டொக்டர்!" என்று சகீனா பதறினாள். "நானும் மூணு வருஷமாக் குடிக்கிறேன். எனக்கு ஒண்டும் ஆகல்லயே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கை தானாக இடுப்பைப் பிடித்தது. டொக்டர் அவளுக்கும் சோதனைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்.

ஜெஸீமாவுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.

"பயப்படாதீங்க மைனி," என்றாள். "ரிப்போர்ட் நோர்மலாத்தான் வரும்."