சம்மனசு மணி

மணியைக் கோபுரத்திலிருந்து இறக்கிய காலையில் ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கிறது? ஆனால் என் வீடு கோயிலுக்கு எதிர்வரிசை. கயிறு கிறீச்சிடுவதும், ஆம்பிளைகள் "மெதுவா, மெதுவா" என்று ஆளாளுக்கு அதிகாரம் செய்வதும் காதில் விழாமலா போகும்? கடைசியில் அது மண்ணில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. உரித்த காயையும் தொலியையும் ஒரே முறத்தில் கலந்து போட்டிருந்தேன். மறுபடி பொறுக்கினேன்.

அந்த மணிக்கு நான்தான் ஞானத்தாய். சிரிக்க வேண்டாம். எங்கள் வேதத்தில் மணிக்கும் ஞானஸ்நானம் உண்டு. கழுவி, எண்ணெய் பூசி, பெயர் வைத்து, ஞானத்தாய் ஞானத்தகப்பன் இரண்டு பேர் தொட்டு நின்ற பிறகுதான் கோபுரத்தில் ஏற்றுவார்கள். சீமையில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் பழைய மணி விழுந்து சிதறிப் போயிற்று. சீமையிலிருந்து வேறு வரவழைக்கக் கப்பல் கிடையாது. அப்போதிருந்த பிரெஞ்சுக்காரப் பெரிய சாமி வீடு வீடாக வந்து, பித்தளை, வெங்கலம், ஓட்டைச் சொம்பு, உடைந்த குத்துவிளக்கு, எதுவானாலும் கொடுங்கள் என்று கேட்டார். எல்லோரும் ஓட்டை உடைசலைக் கொடுத்தார்கள். நான் புத்தம்புது அண்டாவைத் தூக்கிக் கொடுத்தேன். எங்கம்மா கன்னான் பட்டறையில் சொல்லிச் செய்து, பிள்ளையைக் குளிப்பாட்ட என்று சீராகக் கொண்டுவந்து வைத்த அண்டா அது. அதில் ஒருநாளும் தண்ணீர் காயவில்லை.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பெண்பிள்ளை. மருத்துவச்சி வெங்கடம்மாள் கெட்டிக்காரி, இந்துவானாலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் சட்டென்று தலையில் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லிவிடுவாள், பெரிய சாமியே சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் மூச்சில்லாத பிள்ளைக்கு யார் என்ன ஊற்றினாலும் ஞானஸ்நானம் ஆகாது. ஞானஸ்நானம் இல்லாவிட்டால் பெயர் கிடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது, மணியும் கிடையாது. என் புருஷன் சூசைதான் துணியில் சுற்றி எடுத்துப் போனான். திரும்பி வந்தவனிடம் எங்கே என்று கேட்டேன். "மதில் ஓரம். வெளிப்பக்கம்" என்றான். அதைச் சொல்லும்போதே குலுங்கிக் குலுங்கி அழுதான். அதன்பிறகு நான் கேட்கவேயில்லை. ஒருநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். மணி ஏறின பிறகு அவன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். எந்த இடம் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று.

ஓசூர் ஃபக்ருதீன் சாயபு பட்டறையில் மணியை வார்த்துக் கொண்டுவந்தார்கள். இருந்ததிலேயே பெரிய பாத்திரம் கொடுத்தவள் என்று என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னார் பெரிய சாமி. மணிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். செசிலி என்றேன். சாமிக்கு முகமெல்லாம் சந்தோஷம். செசிலியம்மாள் சங்கீதத்துக்குப் பாதுகாவலி, மணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா, இந்தப் பெண்ணுக்கு என்ன புத்தி பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். என் புத்தி எனக்குத் தெரியாதா? செசிலியம்மாள் திருநாளையொட்டிப் பிறக்க வேண்டிய பிள்ளை. பெயர் முன்னாலேயே முடிவு செய்திருந்தோம். பக்கத்தில் நின்ற சூசை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். மணியின் விளிம்பில் உளியால் அந்தப் பெயரைக் கொத்தினார்கள்.

அதிலிருந்து காலை, நண்பகல், சாயங்காலம் என்று திரிகால மணி மூன்று வேளையும் என் பிள்ளை பேசினாள். இப்படிச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால் சொன்னதில்லை. காலை மணி அடித்தால், எழுந்துவிட்டாள் என்று நினைப்பேன். கேழ்வரகுக் கொல்லையில் களை பறிக்கும்போது நண்பகல் மணி அடித்தால் சாப்பிடக் கூப்பிடுகிறாள். சூசை போன பிறகு ஒற்றை ஆளுக்குக் களி கிண்டுகிற கொடுமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஒரு கை மாவில் களி களியாகவே வராது, கூழாகும் இல்லை கட்டி தட்டும். இரண்டு பேருக்குக் கிண்டி, மறுநாளும் அதையே கரைத்துக் குடிப்பேன். பேச்சுத் துணை சாயங்கால மணிதான். ஊரில் எவளுடனும் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் எவளும் என் வீட்டில் வந்து உட்காருவதும் இல்லை. என் வாய் அப்படி.

போன பாஸ்காவில், ஆண்டவர் உயிர்த்த திருநாளில், கெட்டது வந்தது. பெரிய வியாழனிலிருந்து மணி அடிக்காமல் வைத்திருந்து, உயிர்ப்புப் பூசையில்தான் அடிப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கயிறு அறுந்தது. இளவட்டங்கள் ஆவேசத்தில் மேலே ஏறி, கொல்லன் சம்மட்டியால் வெளிப்பக்கமாக ஓங்கி அடித்தார்கள். நாக்கால் அடிவாங்க வேண்டிய மணியை வெளியிலிருந்து அடித்தால் தாங்குமா? விளிம்பிலிருந்து மேலே விரிசல் ஓடிவிட்டது. அதன்பிறகு அடித்தால் உடைந்த சட்டியைத் தட்டுவது மாதிரி இருந்தது. ஊரில் சிரித்தார்கள். எனக்கு அந்தக் குரலும் பிடித்துத்தான் இருந்தது. தொண்டை கட்டின பிள்ளையை யாராவது வெளியே போட்டுவிடுவார்களா?

பெரிய சாமி சீமைக்குப் போய்விட்டார். இப்போதிருப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சாமி, இளவயசு, நல்ல மனுஷர், கணக்காக நடப்பவர். பெரிய சாமியின் ஊரிலிருந்தே புது மணி அனுப்பிவிட்டார்கள். கோபுரத்தில் அது ஏற வேண்டும். பழையதை ஃபக்ருதீன் பட்டறைக்கு அனுப்பி, உருக்கி, பீடத்துக்கு மெழுகுதிரித் தண்டுகள் செய்வது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். நான் போய், அதை உருக்க வேண்டாம், அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்து மூலையில் வைத்துவிடுங்கள், நானே துடைத்து வைக்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பித்தளை எங்கேயும் போகவில்லையாம், பீடத்திலேயே நிற்கப் போகிறதாம். வேண்டுமானால் புது மணிக்கும் என்னையே ஞானத்தாயாக வைக்கிறாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள் என்று சொல்ல இது என்ன கோழிக்குஞ்சா?

அடக்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டேன். இறக்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சம்மனசு மணி அடிக்க விடுங்கள் என்றேன். பெரியவர்கள் செத்தால் எங்கள் கோயிலில் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள். பச்சைப் பிள்ளை செத்தால் அழுகை மணி கிடையாது. அது சம்மனசாகி, தேவதூதனாகி, நேரே மோட்சத்துக்குப் போகிறது என்று கலகலவென்று விடாமல் அடிப்பார்கள். அதுதான் சம்மனசு மணி. அதைக் கேட்டால் எந்தச் சாதி, எந்த மதமானாலும் கொல்லையில் இருக்கிற பொம்பிளைகள் போட்டது போட்டபடி ஒரு பூவோடு வருவார்கள். இந்தப் பக்கத்து வழக்கம்.

"யாருக்கும்மா?" என்று கேட்டார் சாமி.

வாய் வரைக்கும் வந்தது. ஊரையே வாயால் அளக்கிற எனக்கு அந்த ஒரு பெயர் வெளியே வரவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையின் பெயரை, எண்ணெய் பூசின மணிக்கு வைத்தவள் நான். அது பாவமா என்றுகூட எனக்குத் தெரியாது. செத்த பிள்ளை இல்லாமல் சும்மா அடித்தால் ஊர் பதறிப் போகுமே என்றார் அவர். நியாயம்தான். வந்துவிட்டேன்.

மணி இறங்கின அன்று அவரைக்காய் உரித்து முடித்ததும் முகம் கழுவி, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிக்காரத் திம்மராயன் வண்டியின் இரண்டு பக்கக் கழிகள்மேல் குறுக்கே கட்டை போட்டு மணியைத் தொங்கவிட்டிருந்தான். கீழே வைத்தால் உருண்டு சக்கரத்தை உடைத்துவிடுமாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடித்துக்கொள்ளாமலிருக்க நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். நானும் ஓசூர் வரைக்கும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஞானத்தாய் வழியனுப்பப் போகக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். என் வாயைக் கிளற யாருக்கும் தைரியமில்லை. சாமி மட்டும் என் வெள்ளைச் சேலையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஊரைத் தாண்டியது. திம்மராயன் மாடுகளைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டும், சானமாவுக் காட்டுக்கு யானைகள் இறங்கியிருப்பதால் இருட்டுவதற்குள் ஓசூர் சேர வேண்டும் என்று என்னிடம் தமிழில் புலம்பிக்கொண்டும் வந்தான். பாதையின் ஒருபுறம் கேழ்வரகு முற்றி நின்றது. வரப்போரமெல்லாம் உச்செள்ளு மஞ்சளாகப் பூத்திருந்தது. இன்னொருபுறம் கல்லறைத் தோட்டத்து மதில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் ஆத்துமாக்கள் திருநாளில் உள்ளே சூசைக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, இந்த மதில்மேல் இன்னொன்று வைப்பேன். யாருக்கு என்றால், யாருமில்லாத ஆத்துமாக்களுக்கு என்பேன்.

நிறுத்தச் சொன்னேன். திம்மராயன் எதற்கென்று கேட்காமல் மாட்டை இழுத்துப் பிடித்தான். நான் சாக்கை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கொத்தின எழுத்தைக் கையால் ஒருமுறை தடவினேன். பிறகு நாக்கைப் பிடித்து அடித்தேன்.

விடாமல் அடித்தேன். விரிசல் மணி கரகரவென்று கத்திற்று. அழகாக இல்லை. ஆனால் அடிக்கிற வேகம் அந்த வேகம்தான், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. மாடுகள் மிரண்டன. திம்மராயன் கீழே குதித்து அவற்றின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் வராத அழுகை. அழுதுகொண்டே அடித்தேன். கை ஓய்ந்தபோது பார்த்தால், கேழ்வரகுக்குள்ளிருந்து பொம்பிளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவள் சம்பங்கி. பக்கத்துக் கொல்லைக்காரி, அரிவாளைக்கூடக் கீழே போடாமல் ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. வண்டியைப் பார்த்தாள், உள்ளே துணிமூட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடினாள்.

"யாரூட்டுப் புள்ளக்கா?" என்றாள்.

"எம்புள்ள" என்றேன். "பேரு செசிலி."

சம்பங்கி என்னையே பார்த்தாள். அவள் மாமியார்தான் மருத்துவச்சி வெங்கடம்மாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. எப்போ என்றும் கேட்கவில்லை, உனக்கேது பிள்ளை என்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய், வரப்பிலிருந்து உச்செள்ளுப் பூவைக் கொத்தாக அறுத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து அறுத்தார்கள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் மதிலோரம் நின்றார்கள்.

"எங்கக்கா வெக்கறது?"

மதில் நீளமாகப் போயிற்று. எல்லா இடத்திலும் ஒரே புல், ஒரே மண். நான் வண்டியிலிருந்து இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலம்மா" என்றேன். "அவரு சொல்லாமப் போயிட்டாரு."

ஊர்ப்பக்கமிருந்து சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வருவது தெரிந்தது. கயிற்றில் மணி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சம்பங்கி மதிலின் கோடிக்குப் போய்க் குனிந்தாள். கொத்திலிருந்து ஒரு பூவை எடுத்து வைத்தாள். ஓரடி தள்ளி இன்னொன்று வைத்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே குனிந்து, மதில் நெடுகிலும், ஓர் இடம் விடாமல் வைத்துக்கொண்டே வந்தார்கள்.