குப்பண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பிய குழாய்

எழுபத்திரண்டு ரூபாய். மாதம் எட்டு வீதம் ஒன்பது மாதப் பாக்கி. சித்தூருக்குக் கிழக்கே, கோயமுத்தூர்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், பஞ்சாயத்து ரேடியோவை அந்தியில் போட்டு, செய்தி முடிந்ததும் அணைக்கிற வேலைக்காக ரத்தினசாமிக்கு வரவேண்டிய கூலி. பகலெல்லாம் காட்டில் களை கொத்திவிட்டு வந்து இதையும் பார்த்தான். நாச்சம்மாள் கடையில் அரிசிக் கடன் ஏறிவிட்டது. "இனிப் பணத்தோட வா" என்று அவள் அன்று காலையில்தான் முகத்திலடித்தாற்போலச் சொல்லியிருந்தாள்.

பிரசிடெண்டு குப்பண்ணனிடம் கேட்டுக் கேட்டு ரத்தினசாமிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எழுபத்து நாலாம் வருஷம் அது. கோயமுத்தூர் ரேடியோவில் வியாழக்கிழமைதோறும் ஒரு நாடகம் வந்தது. அதிலும் ஒரு பிரசிடெண்டு. தண்ணீர் இல்லாத கிணற்றுக்குத் திறப்பு விழா நடத்துவான். வெட்டியவனுக்குக் கூலி மட்டும் கொடுக்க மாட்டான். குப்பண்ணனை உரித்து வைத்தாற்போல இருந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இதைக் கேட்டாலாவது மனுஷனுக்கு உறைக்காதா என்று, அந்த வியாழக்கிழமை ஒலிபெருக்கிக் குழாயைக் குப்பண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பி, சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தான் ரத்தினசாமி.

சற்று நேரத்தில் குப்பண்ணனே வந்துவிட்டார். வந்தவர் திட்டவில்லை. துண்டை விரித்து முன்னால் உட்கார்ந்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அட, இவன் நம்ம பக்கத்துப் பஞ்சாயத்துக்காரனேதானப்பா! நல்லா வேணும் அவனுக்கு!"

"நெசமாத்தான் சொல்றீங்களா, பிரசிடெண்டே?" என்றாள் கூட்டத்திலிருந்த பெரியம்மாள்.

"பின்னே? இப்படியொரு ஈனப்பயலை வேற எங்க பாக்கறது?"

ரேடியோவில் கிணறு வெட்டியவன் கூலி கேட்டான். மேலிருந்து உத்தரவு வரட்டும் என்றான் நாடகப் பிரசிடெண்டு. குப்பண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ரத்தினசாமி கிட்டே போனான்.

"ஏனுங்க, என்ற கூலியும் ஒம்பது மாசமா நிக்குதுங்க. கடையில அரிசி தரமாட்டேங்கறாங்க."

குப்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கில்லாததா ரத்தினா? மேல இருந்து உத்தரவு வரோணுமல்ல?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் குப்பண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

ரத்தினசாமிக்குச் சீ என்றாகிவிட்டது. ரேடியோ அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவர் மடியில் போட்டான்.

"உத்தரவும் வேண்டாமுங்க, பணமும் வேண்டாமுங்க. நாளைக்கிருந்து நீங்களே போட்டுக் கேளுங்க."

"அப்ப எழுபத்திரண்டையும் தள்ளுபடின்னு எழுதீரட்டுமா?"

"தள்ளுங்க."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார் குப்பண்ணன்.

அதற்குள் ரத்தினசாமி, நாச்சம்மாள் காட்டில் கடலை பிடுங்கிக் கடனைக் கழிப்பதாகச் சொல்லி அரிசி கேட்கப் போய்க்கொண்டிருந்தான்.