யானையின் இடது காது

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட யாரோ துணி கேட்டார்கள். சாந்தாமணி கீழே பட்டறைக்கு ஓடினாள். விளக்குக்கூடப் போடாமல், மேசையோரம் கைக்கு அகப்பட்ட சாம்பல்நிறத் துணியில் ஒரு முழம் கிழித்து வந்து, புருஷன் கதிர்வேலுக்குத் தானே கட்டினாள்.

பட்டறை முழுக்க அந்தத் துணிதான். பம்புசெட் மோட்டார்களுக்கு நடுவே எட்டடி உயரத் துணி யானை. உடம்பு தரையில் நிற்க, தலை மட்டும் இன்னும் மேசைமேல் கிடந்தது. சிங்காநல்லூரில் பழைய மில் கட்டடத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் மாட்டப் போனவர் கதிர்வேல். அங்கே பிள்ளைகள் கணக்குப் பாடத்தைக்கூட நாடகம் போட்டுப் படிப்பதைப் பார்த்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் நாடகத்துக்காக நாலு மாதமாய் இந்த யானை. "நாளைக்குக் காதும் ஆடும் பாரு" என்று நேற்று சொன்னவர், விடியற்காலையில் கடைசி போல்ட்டை முடுக்கப் போனார். காபியோடு இவள் போனபோது ஸ்பேனர் கையிலேயே இருந்தது, உயிர்தான் இல்லை.

காது ஆடுமா? அழுகைக்கு முன்னால் அவளுக்கு அதுதான் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து டீச்சர் நஸ்ரியா பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றாள்.

"நாலு மணிக்கு நாடகமாச்சே கண்ணு. ஆனைய எடுக்கலையா?" என்றாள் சாந்தாமணி.

"வேண்டாங்கக்கா. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இன்னைக்குத்தான்னு நாலு மாசமாச் சொல்லிட்டிருந்தாரு."

கதிர்வேலின் அண்ணன் பொங்கியண்ணன் குறுக்கே வந்தார். "பொணம் கெளம்பாம ஊட்டுச் சாமான் ஒண்ணும் வெளிய போகக்கூடாதம்மணி. நாலு மணிக்குத்தான் எடுக்கறோம். சோமனூர்ச் சனம் வரோணும்."

"அப்ப ரெண்டு மணிக்கே எடுத்துருங்க மாமா."

பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். அவரும் லேத் மிஷின் ஓட்டியவர்தான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்டயும் சொன்னான். காது ஆடுமா?"

"தெரியலீங்க மாமா."

பட்டறைப் பக்கம் பார்த்தார். "செரி, ரெண்டு மணிக்கேன்னு சோமனூருக்குப் போனப் போடுங்க" என்றார்.

இரண்டு மணிக்குக் கதிர்வேல் கிளம்பிப் போனார். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வாசலிலேயே சாந்தாமணியின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரச்சேலையைக்கூட மாற்றாமல் பட்டறைக்குப் போனாள்.

பிள்ளைகள் யானைக்குத் தலையை மாட்டியிருந்தார்கள். ரித்திகா என்ற சிறுமி காதை ஆட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் வாடி நின்றாள்.

"அத்தை, இடது காது கிழிஞ்சிருக்குங்க."

சாந்தாமணி தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு முழம் இல்லை. காலையில் அவள் கிழித்தது. அது இப்போது அவரோடு போய்க்கொண்டிருந்தது.

"ஊசி நூல் இருந்தாத் தெச்சுப்போடலாங்க."

"தெக்க வேண்டாங்கண்ணு. அப்படியே இருக்கட்டும். நீ இழு."

ரித்திகா இழுத்தாள். உள்ளே சைக்கிள் செயின் ஒரு பல் நழுவியது, பிறகு பிடித்துக்கொண்டது. கிழிந்த ஓரம் படபடக்க, காது முன்னுக்கு வந்து பின்னுக்குப் போனது. அந்தக் காற்று சாந்தாமணியின் ஈரமுகத்தில் பட்டது.

"இன்னொருக்கா இழு கண்ணு" என்றாள்.