ரெட்டைத் தும்மல்

நிச்சயதார்த்தத் தாம்பாளத்தைக் கை மாற்றுகிற நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அப்பா சக்கரபாணி தும்மித் தொலைத்தார். அதுவும் ஒற்றைத் தும்மல். உள்ளே எவளோ எண்ணெயில் மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டாள். நேரங்காலம் தெரிய வேண்டாமா ஒரு மனுஷிக்கு?

பெண்ணின் அப்பா தனக்கோடி தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிப் பெண்ணை வளர்த்தவர். பொன்னிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த வானூர் சம்பந்தமும் போனால் என்ன செய்வது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

"தட்டைக் கீழ வைப்பா," என்றாள் சக்கரபாணியின் அக்கா சின்னப்பாப்பா. "ஒத்தத் தும்மல் ஆவாது. இன்னொண்ணு வரட்டும். ரெட்டைன்னா சுபம்."

"இதோ வரவச்சிடலாங்க!" என்று தனக்கோடி பாய்ந்து, சம்பந்தியின் மடியிலிருந்த மூக்குப்பொடி மட்டையையே எடுத்து நீட்டினார்.

சக்கரபாணி ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். கண்ணை மூடிச் சுகமாகத் தலையாட்டினார். தும்மல் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? பல காலமாகப் பட்டணம் பொடியில் ஊறிய மூக்கு அது.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! மறுபடியும் மிளகாயை வறுத்தார்கள். பந்தலே இருமியது, பக்கத்து வீட்டு எருமைகூடத் தும்மியது. சக்கரபாணி சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். துணியைத் திரித்து மூக்கில் விட்டார்கள். "கூசுதுப்பா," என்று சிரித்தார்.

"ராகுகாலம் பொறக்கப் போவுதுங்க," என்று தனக்கோடி அழாத குறையாகச் சொன்னார்.

சின்னப்பாப்பா மனம் இறங்கினாள். "அதே மூக்குதான் வேணும்னு இல்ல. எங்க வீட்டு மூக்கு எதுன்னாலும் சரி."

மாப்பிள்ளை பச்சமுத்துவை இழுத்து உட்கார வைத்தார்கள். தங்கமான பையன், வெற்றிலை பாக்குக்கூடப் போட மாட்டான் என்று தரகர் சத்தியம் பண்ணியிருந்தார். தனக்கோடி தாராளமாகவே பொடியைக் கொடுத்தார். பையன் இழுத்தான், கண்கூடக் கலங்கவில்லை. விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"டேய், நீயுமா?" என்றார் சக்கரபாணி.

தனக்கோடிக்குச் சுர்ரென்று ஏறியது. "பொடி போடுற பயலுக்கா எம் பொண்ணு? கெளம்புங்கய்யா!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் பொன்னி வெளியே வந்துவிட்டாள். "அவரத் திட்டாதப்பா," என்று சொல்லி மட்டையை வாங்கினாள். இந்தத் துளையில் ஒரு சிட்டிகை, அந்தத் துளையில் ஒரு சிட்டிகை. நிதானமாக முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தும்மவில்லை.

"உப்பு வெயில்ல தலைய வலிக்குது. வேற என்னாத்த பண்றது?"

தனக்கோடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மானம் மரியாதை எல்லாம் போச்சு, இனி எவன் வருவான் இந்தப் பெண்ணுக்கு?

சின்னப்பாப்பா பொன்னியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தம்பியின் தோளைத் தட்டினாள்.

"வாங்குப்பா தட்டை. இந்தக் குடும்பத்துல இனிமே தும்முறதுக்கு ஆளே கிடையாது."

தனக்கோடி துள்ளி எழுந்து தாம்பாளத்தைத் தூக்கினார். மட்டையைத் தொட்டுத் தொட்டு அவர் கையெல்லாம் பொடி. பழக்கமில்லாத மூக்கு அவருடையது ஒன்றுதான். சம்பந்தி தட்டை வாங்கிக்கொள்ளும்வரை, மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நின்றார்.