தீட்டுப்பட்ட மீன்கள்

சென்னியம்மாள் செம்பைச் சாய்த்தபோது தடுக்க மாதையனுக்கு அவகாசம் இல்லை. மஞ்சள் கரைத்த கோமியம் தகரக் குடத்துக்குள் தாராளமாக விழுந்தது. மணியக்காரர் அர்த்தநாரியின் வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்த நான்கு குடங்களில் அது முதலாவது. குடத்துக்கு மூவாயிரம் கெண்டைக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் நெல்மணி நீளம்.

"ஏனுங்க ஆத்தா, குஞ்சு செத்துப்போயிருமுங்க" என்றான்.

"சுத்தம் பண்ணாம ஊர் ஏரியில உட முடியுமா?" என்றாள் மணியக்காரர் மனைவி.

மாதையன் மீன் இலாகாவில் பீல்டுமேன். யுத்தம் முடிந்தும் அரிசி ரேஷன் தீரவில்லை. ஏரி குளங்களிலாவது மீன் வளரட்டும் என்று சர்க்கார் கிளம்பியிருந்தது. இரண்டு வருஷமாக அவன் தற்காலிகம். குஞ்சுகளை உயிரோடு ஏரியில் விட்டான் என்று மணியக்காரர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். அதற்காகத்தான் மேட்டூரிலிருந்து முப்பது மைல், கட்டை வண்டியில் உட்கார்ந்து, குஞ்சுகளுக்கு மூச்சு முட்டாமல் இருக்கக் குடத்துத் தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே வந்திருந்தான்.

வந்ததும் உபசாரத்துக்குக் குறைவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்து அர்த்தநாரி "வாங்க, உக்காருங்க" என்றார். மோர் வந்தது. குடிப்பதற்குள் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டு வைத்தார். மறைக்கிற பழக்கம் மாதையனுக்குக் கிடையாது. ஓமலூர்ப் பக்கத்துச் சேரி, மாரக்காள் மகன் என்றான். மோர் திரும்ப உள்ளே போயிற்று. செம்பு வெளியே வந்தது.

மீன் வேண்டும், அவன் கை பட்ட தண்ணீர் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே அந்த வீடு கண்டுபிடித்த வழிதான் இந்தச் சுத்தம்.

குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சற்று நேரத்தில் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. எட்டிப் பார்த்த சென்னியம்மாளுக்கே முகம் சுருங்கிவிட்டது. மாதையன் மீதி மூன்று குடங்களையும் வண்டியில் ஏற்றி, வண்டிக்காரனை ஏரிக்கரைக்கு ஓட்டச் சொன்னான்.

அர்த்தநாரி ஆட்களோடு பின்னாலேயே வந்து சேர்ந்தார். இப்போது பேச்சில் 'ங்க' உதிர்ந்துவிட்டிருந்தது.

"நீ கரை மேலயே நில்லு. எம்பட பண்ணையாளு காத்தான் கொட்டட்டும். கையெழுத்து நான் போட்டுத் தாரேன்."

சும்மா கொட்டினால் சாகும் என்றான் மாதையன். குடத்தை ஏரித் தண்ணீரில் நிறுத்தி, கை கையாக ஏரித் தண்ணீரை உள்ளே கலந்து, கால் மணி நேரம் பழக்கித்தான் விட வேண்டும். அதுதான் தன் வேலை, அதைத் தானேதான் செய்வேன் என்றான். அப்படியானால் மாடு குளிப்பாட்டும் கீழ்க்கரையில் இறங்கித் தொலை என்றார் அவர்.

"உடலாமுங்க. மீனு கீழ்க்கரையிலயே நிக்காதுங்களே."

கரைமேல் சும்மா நின்றாலே போதும், ஆயுசுக்கும் உத்தியோகம். மாதையனுக்கு அது தெரியாமல் இல்லை. குடத்தைத் தோளில் தூக்கினான். ஊரார் குடிதண்ணீர் எடுக்கும் படித்துறை வழியே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான்.

பிடித்து இழுங்கடா என்று நாலு பேர் கத்தினார்கள். அந்த நாலு பேரும் நகரவில்லை. அவனைத் தொட்டால் தலைமுழுக வேண்டும். அந்தக் கோடையில் கிணறுகள் எல்லாம் வற்றிப்போய், தலைமுழுக இருந்தது அந்த ஏரி ஒன்றுதான். ஏரியில் அவன் நின்றான்.

அவசரப்படாமல் கை கையாகத் தண்ணீர் கலந்தான். கால் மணி நேரம் ஊரே கரையில் நின்று பார்த்தது. பிறகு குடத்தைச் சாய்த்தான். குஞ்சுகள் அவன் விரல்களுக்கிடையே நழுவிப் பச்சைத் தண்ணீரில் மறைந்தன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

"கையெழுத்தா கேக்கற? உன் சென்மத்துக்கும் போட மாட்டன்டா" என்றார் அர்த்தநாரி.

"போடாட்டிப் போவுதுங்க. இந்த மூவாயிரமும் எங் கையில நீந்துனதுங்க. தீட்டுன்னா ஒண்ணொண்ணாப் புடிச்சு வெளிய போட்டுக்குங்க."

அடுத்த குடத்தை எடுக்க மாதையன் கரையேறினான். உடம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளி மேலே தெறித்துவிடுமோ என்று பயந்து கூட்டம் இரண்டாகப் பிரிந்து, சாமி புறப்பாட்டுக்கு விடுவதுபோல அவனுக்கு வழி விட்டது.