பக்கத்துக் கட்டில்காரர்

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போன அன்று எங்களுக்குள் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கூடத்தில் என் படநோட்டு ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதிசயமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவராக என் நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் காட்டினால் பார்ப்பார், "நல்லாருக்கு" என்பார், அவ்வளவுதான்.

"இது நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ வரைஞ்சதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பதினெட்டு நாள் இருந்தேன் இல்ல?"

"ஆமா."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் நர்ஸ். வராந்தா பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கும் யார் வீட்டு மாப்பிள்ளையோ. ஜன்னலுக்கு வெளியே இலை கொட்டிக்கொண்டிருந்த மரம். பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரிக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் மகளிடம் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணாடியைத் தேடுகிறார். அது அவர் நெற்றியிலேயே இருக்கிறது.

"இவரை ஆறு தடவை வரைஞ்சிருக்க," என்றார். "என்னை ஒரு தடவைகூட வரையல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்களை எதுக்குங்க வரையணும்? நீங்கதான் கூடவே இருக்கீங்களே," என்றேன்.

அன்பாகத்தான் சொன்னேன். அவர் நோட்டை மூடி அலமாரியில் இருந்த இடத்திலேயே செருகினார். சாயங்காலம் ரெண்டு சட்டை, சவர சாமான், வேலைப் பையோடு கிளம்பிவிட்டார். "கொஞ்ச நாள் தனியா இருந்து பார்க்கறேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபத்தில் போகிறவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். வாசல்வரை பின்னாலேயே போனேன்.

நான் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். விடியற்காலை வேலை, ரெண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் நான் நகரத்துக்குச் சொந்தம். பஸ் நிறுத்தம், முடிவெட்டும் கடை, மார்க்கெட் வாசல், எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து வரைவேன். வெயில் காலத்தில் குழாயடியில் தலையை நனைக்கிற ஆட்டோக்காரர்கள், மழைக்காலத்தில் ஒரே பிளாஸ்டிக் தாளுக்கடியில் நிற்கிற நாலு பேர் என்று வருஷத்துக்கு ஒரு நோட்டாவது தீர்ந்துவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவோம். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் பூராவும் இருட்டுக் குழிக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவர், வெளியூர் என்றால் வெளிச்சமாகவாவது இருக்கும் என்பார். மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் அவர்தான் தூக்கி வருவார். நான் வரைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் குழியில் ஏணி சறுக்கி விழுந்து தோளும் இடுப்பும் உடைந்தன. அந்தப் பதினெட்டு நாள்தான் அந்த நோட்டு.

அவர் போன மறுநாள் லீவு போட்டுவிட்டு இருபத்தேழு நோட்டையும் இறக்கினேன். எங்கேயாவது இருப்பார், எடுத்துக்கொண்டுபோய்க் காட்டி வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். துறைமுகத்தில் வலை உலர்த்துகிறவர்கள் இருந்தார்கள். மலை ரயிலில் வாந்தி எடுத்த குழந்தையும் அதன் அம்மாவும் இருந்தார்கள். ஊர் பேர் தெரியாத நாய்கள் பதினேழு இருந்தன. அவருடைய செருப்பு ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவர் குடித்து வைத்த டம்ளர் இருந்தது. மழை பெய்கிற படங்களில் எல்லாம் மேல் ஓரத்தில் ஒரு வளைந்த கோடு. அது அவர் எனக்காகப் பிடித்த குடையின் விளிம்பு. பிடித்த கை இல்லை.

பத்தொன்பதாவது நோட்டில், படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரின் முதுகு. அதே தோள், அதே சொட்டை. "இதோ இருக்கீங்களே," என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் கீழே எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். அலுவலகத் தோழிகளோடு போன பயணம் அது. அன்றைக்கு அவர் கூட வரவே இல்லை. அது யாரோ.

நோட்டை மூடிவிட்டு அவர் முகத்தைத் தனித்தாளில் வரைய உட்கார்ந்தேன். மூக்கு வரவில்லை. காது எவ்வளவு பெரிசு என்று தெரியவில்லை. பதினெட்டு நாள் பார்த்த கட்டில்காரர் கண்ணை மூடினால் வருகிறார்; இவர் வரவில்லை. ரொம்ப நேரம் அழுதேன்.

மூணாவது வாரம் என் நாத்தனார் வந்தாள். தையல்காரி, வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுவாள். அண்ணனுடைய குளிர்க் கோட்டும் மூட்டுவலித் தைலமும் கேட்டு வந்திருந்தாள்.

"எங்க தங்கியிருக்கார்?"

"கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு மேல ஒரு ரூம் அண்ணி. நல்லாத்தான் இருக்கார், தானே சமைக்கிறார். ஒரு நாள் நானும் சாப்பிட்டேன், உயிரோட இருக்கேன் பாருங்க."

ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் கோட்டை மடித்தபடியே சொன்னாள்: "அவரும் கெட்டவர் இல்ல, நீங்களும் கெட்டவங்க இல்ல. யாரைத் திட்டறதுன்னே எனக்குத் தெரியல அண்ணி. ஆஸ்பத்திரியில இருக்கும்போது எங்கிட்ட ஒண்ணு சொன்னார். அவ என்னை வரையறா போல, அசையாம படுத்திருக்கேன், இல்லன்னா படம் கெட்டுடும்னு."

தைலத்தை எடுத்து வந்து அவள் பைக்குள் வைத்தேன்.

அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று அவளிடமே கேட்டுக்கொண்டு மறுநாள் போனேன். ஒரு எட்டு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் வேலை நடக்கிறது, படியேறவும் என்று அட்டை தொங்கியது. ஏறினேன். எட்டாவது மாடியில், திறந்த கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஏதோ கழற்றிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"மூச்சு வாங்குது பாரு. உட்காரு," என்றார்.

"உங்களை வரையணும்."

என்னைப் பார்த்தார். "இப்பவா?"

"இப்பத்தான்."

"எனக்கு வேலை இருக்கு. நீ பாட்டுக்கு வரை."

படிக்கட்டில் உட்கார்ந்து வரைந்தேன். இடது காதுமடலில் ஒரு சின்னப் பிளவு இருந்தது. திருகாணியை இறுக்கும்போது நாக்கு நுனி வெளியே வருகிறது. அன்று உடைந்த தோள் மற்றதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. வலது கை செய்ய வேண்டிய வேலையில் பாதியை இடது கைக்குப் பழக்கியிருக்கிறார். இதெல்லாம் எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு வரைந்தேன். ஆஸ்பத்திரியில் ஏன் வரையவில்லை என்று அப்போதுதான் எனக்குள் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. அவர் தோளிலும் இடுப்பிலும் இருந்த கட்டுகளை நிறுத்தி நிதானமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். ஆனால் அது அந்தப் பதினெட்டு நாளுக்குத்தான் பதில். மற்ற வருஷங்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நரைச்சுடுச்சா எனக்கு?"

"ஆமாங்க."

"நல்லா பார்த்திருக்க."

"வீட்டுக்கு வாங்க," என்றேன். "தப்புத்தான். பயந்துட்டேன்னு சொல்லலாம், அது பாதிதான் நிஜம். நீங்க இருப்பீங்கன்னு நினைச்சுட்டேன். அவ்வளவுதான்."

பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். "உன் மேல கோபம் இல்லம்மா. வந்தா, நாலு நாள் நீ என்னையே பார்ப்ப. அப்புறம் வெளிய பார்ப்ப. நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். எனக்கும் பழகிப்போகும். அது மறுபடியும் பழகக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"ஒரு தடவை பாருங்களேன்."

தலையை ஆட்டினார். தாளைக் கிழித்து நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கோ. உங்கிட்டதான் ஒண்ணுகூட இல்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அக்கறையாகச் சொன்னார். அப்புறம் லிஃப்டை ஓட்டிப் பார்த்து, "வா, நடக்க வேண்டாம்," என்று கீழேவரை கூடவே வந்தார். எட்டு மாடி.  கீழே கதவு திறந்ததும் "பார்த்துப் போ," என்றார். கதவு மூடியது.

அடுத்த வருஷம் அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை நாத்தனார்தான் கொண்டுவந்தாள், அழுதுகொண்டே.

போன மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார், அது அவருக்கு நன்றாகவே இருந்தது. முழங்கால் வலி பற்றிப் பேசினோம். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு என்றார்.

"இப்பவும் வரையறியா?"

"வரையறேன்."

"நல்லது," என்றார். யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். "இதோ வந்துடறேன்," என்று எழுந்து போனார். மண்டபத்தின் அந்தக் கோடியில் மச்சானோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், அப்படியே அவர்களோடு போய்விட்டார்.

ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு வந்து அந்த நாற்காலியைத் தொட்டு, "இங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, உட்காருங்க," என்றேன்.