மேகம் என்று எழுதிய பக்கம்

சூரியனைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

எங்கள் சூரிய ஆய்வு நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஒருத்தி மூன்று வருடமாக ஒரே ஒரு காட்சிக்குக் காத்திருந்தாள். சூரியனில் எதிரெதிராகப் போகும் காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, ஜோடி மாறி ஒட்டிக்கொள்ளும்போதுதான் பெரிய வெடிப்பு உண்டாகிறது. அந்த அறுந்து ஒட்டுவதன் தடயம் படத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் அவளுக்குப் பட்டம் இல்லை. அன்று காய்ச்சலில் படுத்திருந்தவள், சூரியனின் நடுவில் கறுப்புக் கயிறு மாதிரித் தெரிவது இன்றைக்கு எழும்பும் போலிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று போனில் சொல்லியிருந்தாள்.

அவளுடைய லேப்டாப்பை எடுத்துப்போக அவள் அம்மா வந்தார். கொடுத்து அனுப்பியிருக்கலாம். சும்மா இருந்தால்தானே? கறுப்புக் கயிறு அம்மாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தொலைநோக்கியின் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டினேன். கூட்டியதைக் குறைக்காமல், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பிரதாபத்தை அளக்க ஆரம்பித்தேன். அம்மாதான் என் தோளுக்கு மேலே பார்த்து, என்ன அழகாக இருக்கிறது என்றார். திரும்பினேன். கயிறு எழும்பி, வெடித்து, திரையில் பாதி வெளுத்துப் போயிருந்தது. முக்கியமான ஆறு நிமிடம் வீண்.

அம்மா போனதும் நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. அந்த ஆறு நிமிடப் படங்களையும் அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பதிவேட்டில் ‘மேகம்’ என்று எழுதினேன். போனில் அவளிடம் சொன்னபோது, மேகத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவளே என்னைத் தேற்றினாள்.

மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள். பதிவேட்டைப் புரட்டிவிட்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“திரை பளிச்சுன்னு வெளுத்துடுச்சுன்னு அம்மா சொன்னாங்க. மேகம் வந்தா இருட்டத்தானே செய்யும்?”

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“வெளுத்த படமே போதுமே,” என்றாள். “நடுவுல வெளுத்தா என்ன, ஓரத்துல இழை அறுந்து ஒட்டுறது தெரிஞ்சிருக்கும். அதை ஏன் அழிச்சீங்க?”

மானத்தைக் காப்பாற்றத்தான் அழித்தேன். அவளுடைய மூன்று வருடத்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் எதையும் சுரண்டக்கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். மேகத்தை அடித்தேன். ‘வானம் தெளிவு. தவறு என்னுடையது. படங்களை நான் அழித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“நேரத்தையும் போடுங்க, சார்,” என்றாள்.

இந்த மூன்று வருடத்தில் அவள் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.